கீரையோடு ஊமத்தை கலந்துவிட்டது: அப்பாவுக்கு நடந்ததும் என் கேள்விகளும்

வயலோரம்:

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். மருத்துவம் தெரிந்தவர்கள் படித்துவிட்டுக் கடைசியில் இருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் மனம் ஆறும்.

ஊர் சங்கரன்கோவில் பக்கம். அத்தை (அப்பாவின் அக்கா) காலையில் வரப்பு, களத்து மேடு எல்லாம் சுற்றிக் கீரை பறித்து வந்தார். கைக்குக் கிடைத்த நாலைந்து கீரையைச் சேர்த்துக் கடைவது அவர் வழக்கம். ஒரு வருடமாக அவருக்குக் கண்புரை. அன்றைக்குக் கடைசல் லேசாகக் கசந்தது. அப்பாவுக்குக் கசப்பு பிடிக்கும், இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டார். அத்தை ஒரு கரண்டி சாப்பிட்டார். நாங்கள் வெளியூருக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் திரும்பினோம்.

ஒன்றரை மணிக்குச் சாப்பாடு. இரண்டரை மணிக்கெல்லாம் அப்பா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்திருக்கிறார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. நாங்கள் வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து, விரல் நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நூலை இழுத்து இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். செத்துப்போன சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மாட்டை மாற்றிக் கட்டச் சொன்னார். என்னைப் பார்த்து "நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். முகம் சிவந்திருந்தது, உடம்பு கொதித்தது. அத்தை நினைவோடு இருந்தார், ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பக்கத்து வீட்டார் காத்து கருப்பு என்றார்கள். விபூதி போட ஆள் வந்தார். அதில் அரை மணி நேரம் போனது, அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அப்புறம் ஒரு தனியார் கிளினிக். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று சொல்லி, அமைதியாக இருக்க ஊசி போட்டார்கள். சீட்டில் ப்ரோமெதசின் என்று எழுதியிருந்தது. ஊசிக்குப் பிறகு அப்பாவைப் பிடித்து நிறுத்த நாலு பேர் தேவைப்பட்டது. அங்கிருந்து 108-இல் அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே ட்யூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். முதல் காரியமாக அப்பாவின் சட்டைக்குள் கையை விட்டு அக்குளைத் தொட்டுப் பார்த்தார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், அடிவயிற்றை அழுத்தினார். "மதியம் என்ன சாப்பிட்டார்? அதையே சாப்பிட்ட வேறு யாருக்காவது ஏதாவது செய்கிறதா?" என்று கேட்டார். மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும். மிச்சக் கீரையையும், பறித்த இடத்தில் இருக்கும் செடிகளையும் எடுத்துவரச் சொன்னார். தம்பி டார்ச்சோடு போய்ப் பார்த்தான். களத்து மேட்டில் தண்டங்கீரைக்கு நடுவில் பூ விடாத ஊமத்தங்கன்றுகள், நுனி கிள்ளிய அடையாளத்தோடு.

ட்ரிப்ஸ் ஏற்றினார்கள், சிறுநீருக்கு ட்யூப் போட்டார்கள் (ஒரு லிட்டருக்கு மேல் வந்தது), ஏதோ ஊசி போட்டார்கள், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். திங்கள் இரவு அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அக்குளைத் தொட்டு அவர் என்ன கண்டுபிடித்தார்? இதற்கு முறிமருந்து கிடையாதா? இருந்தால் ஏன் கொடுக்கவில்லை? அப்பாவுக்கு இன்னும் எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது, அது எப்போது சரியாகும்?

இரவுப்பணி:

தம்பி, அப்பா பிழைத்து வந்ததில் சந்தோஷம். நான் 11 வருடமாக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த டாக்டர் செய்ததை வரிசையாக விளக்குகிறேன்.

நம் உடம்பில் அசெட்டைல்கோலின் என்று ஒரு தூதுப் பொருள் இருக்கிறது. எச்சில் ஊறுவது, வியர்ப்பது, வெளிச்சத்தில் கண்பாவை சுருங்குவது, குடல் அசைவது, சிறுநீர்ப்பை சுருங்கி வெளியேற்றுவது எல்லாம் அது சொல்லித்தான் நடக்கின்றன. இதயம் தறிகெட்டு ஓடாமல் இழுத்துப் பிடிப்பதும் அதுதான். மூளையில் கவனமும் நினைவும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் மூன்றும் அந்தத் தூது போய்ச் சேரும் வாசலை அடைத்துவிடுகின்றன. அப்போது வாய் வறளும், தோல் உலரும், பாவை விரியும், குடல் நிற்கும், சிறுநீர் கட்டும், நாடி ஓடும். வியர்க்க வழி இல்லாததால் சூடு உள்ளேயே நின்று காய்ச்சலாகும். தோல் சிவக்கும், மனம் பேதலிக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் பத்து நோய் மாதிரி இருக்கும். அடைபட்ட வாசல் ஒன்றுதான்.

அக்குளுக்கு வருகிறேன். ஆவேசம், வேகமான நாடி, விரிந்த பாவை, காய்ச்சல் இந்த நான்கும் வேறு நிலைகளிலும் வரும். குடியைத் திடீரென்று நிறுத்தியவருக்கு வரும், ஆம்ஃபெட்டமின் வகை போதை எடுத்தவருக்கு வரும், தைராய்டு தலைக்கேறியவருக்கு வரும். ஆனால் அவர்கள் எல்லாரும் தொப்பலாக வியர்த்திருப்பார்கள். இவ்வளவு கொதிப்பிலும் அக்குள் காய்ந்து கிடந்தால் இந்த நஞ்சைத்தான் முதலில் நினைக்க வேண்டும். வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தது குடல் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க. அடிவயிற்றை அழுத்தியது சிறுநீர்ப்பை உப்பியிருக்கிறதா என்று பார்க்க. நிறைந்த பையின் வலியே ஆவேசத்தைப் பாதி ஏற்றிவிடும், நோயாளியால் அதைச் சொல்லவும் முடியாது.

நூல் இழுப்பதைக் கவனித்தீர்களே, அது இந்த நஞ்சின் கையெழுத்து மாதிரி. போர்வையைப் பிய்ப்பார்கள், காற்றில் எதையோ பிடிப்பார்கள். வாயில் எதையோ வைத்து மெல்வது போல முணுமுணுப்பார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எல்லா அடையாளமும் ஒன்றாக வரும் என்று காத்திருக்கக் கூடாது. வயதானவருக்குக் காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம். மற்றதெல்லாம் அடங்கிய பிறகும் குழப்பம் மட்டும் ஒரு நாள் நீளலாம். மூளைக்காய்ச்சலையும் சர்க்கரை இறங்கியதையும் மறக்காமல் பார்த்தாக வேண்டும், விரல் நுனிச் சர்க்கரை எல்லாருக்கும் முதல் நிமிடமே.

அந்தக் கிளினிக் ஊசி பற்றி. ப்ரோமெதசினும் இதே வாசலை அடைக்கும் மருந்துதான். எரிகிற வீட்டில் இன்னும் கொஞ்சம் எண்ணெய். ஹாலோபெரிடால், குளோர்ப்ரோமசின் போன்ற மனநோய் ஊசிகளையும் நான் தவிர்ப்பேன். அவற்றில் சில இதே அடைப்பைக் கூட்டும், சில இதயத் துடிப்பைக் கெடுக்கும், வலிப்பையும் சுலபமாக்கும். அடக்க வேண்டுமானால் லோராசெபம், மிடாசோலம், டயசெபம் இந்தக் குடும்பம்தான். உங்கள் அப்பாவுக்குப் போட்ட "ஏதோ ஊசி" அதில் ஒன்றாக இருக்கும்.

கண் மங்கல் பாவை விரிந்திருப்பதால்தான், கிட்டத்தில் பார்க்கும் தசையும் தளர்ந்திருக்கும். ஒரு வாரம் வரை ஆகலாம். வெயிலில் கருப்புக் கண்ணாடி போடுங்கள், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம். பத்து நாளுக்கு மேல் போனாலோ, கண் வலித்துச் சிவந்தாலோ கண் டாக்டரைப் பாருங்கள். கண் அழுத்த நோய்க்கு ஆளாகக்கூடிய கண்ணில் விரிந்த பாவை ஆபத்து.

முறிமருந்து பற்றித் தனியாக எழுதுகிறேன், வார்டில் கூப்பிடுகிறார்கள்.

யாழ்_தாதி:

நான் யாழ்ப்பாணத்தில் தாதி. ஊமத்தை வருவது எங்கள் வாட்டில் எப்போதாவதுதான். ஆனால் இதே நிலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் நாங்களே கொடுக்கும் அட்ரோபின்.

எங்கள் பக்கம் கிருமிநாசினி (பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து) குடித்து வருபவர்கள் அதிகம். அதில் இருக்கும் ஆர்கனோபாஸ்பேட் உடம்பில் அசெட்டைல்கோலினைக் குவித்துவிடும். அவர்களுக்கு எல்லாமே தலைகீழ். கண்பாவை குண்டூசி முனை போல, வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சு முழுக்கச் சளி. அங்கே அட்ரோபின்தான் உயிர் காக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், நெஞ்சில் கரகரப்பு நின்று, நாடி 80-ஐத் தாண்டி, இரத்த அழுத்தம் நிமிர்ந்து, அக்குள் உலர்ந்தவுடன் நிறுத்திச் சொட்டாக மாற்ற வேண்டும். இப்படிப் படிப்படியாக ஏற்றுவதை வங்கதேசத்தின் சிட்டகாங்கில் பழைய முறையோடு ஒப்பிட்டு 2012-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். பழைய முறையில் 22.5 விழுக்காட்டினர் இறந்தார்கள், புதிய முறையில் 8. அட்ரோபின் கூடிப்போய் வரும் குழப்பமும் பாதிக்கு மேல் குறைந்தது.

கவனிக்காமல் சொட்டை ஓடவிட்டால் இரவு இரண்டு மணிக்கு அந்த நோயாளி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வலையை இழுக்கத் தொடங்குவார். அடிவயிறு கல்லாக இருக்கும். உடனே சொட்டை நிறுத்தி, டொக்டரைக் கூப்பிட்டு, தெளிந்த பிறகு குறைந்த வேகத்தில் திரும்பத் தொடங்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகள் "நஞ்சு கூடிவிட்டது" என்று நினைத்து இன்னும் அட்ரோபின் கேட்பார்கள். நான் அவர்கள் கையைப் பிடித்து நோயாளியின் அக்குளில் வைப்பேன்.

தாதி வேலையாகச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. கையையும் காலையும் இறுக்கிக் கட்டிப் போடாதீர்கள். அவர் திமிறத் திமிற உடம்பு இன்னும் சுடும், தசை சிதையும், அந்தச் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கும். அறையில் மங்கலான விளக்கு இருக்க வேண்டும். முழு இருட்டில் பயம் கூடும், கடும் வெளிச்சத்தில் விரிந்த கண் கூசும். தெரிந்த குரல் ஒன்று பக்கத்தில் இருந்து பெயர் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். உதட்டை ஈரத்துணியால் நனைக்கலாம். தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்.

பனங்காடு:

வயலோரம் அண்ணா, படிக்கும்போதே கை நடுங்கியது. எங்கள் ஆயா ஊமத்தை தின்ற பிள்ளைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார், அப்புறம் எலுமிச்சைச் சாறும் மோரும். அது சரியா? இன்னொன்று, சிவனுக்குச் சாத்தும் பூ, சித்த மருத்துவத்தில் பயன்படும் செடி, இவ்வளவு மோசமா?

இரவுப்பணி:

உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குழம்பியிருப்பவர் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குப் போகும், அளவு மீறிய உப்பு தனி நஞ்சு. எலுமிச்சையும் மோரும் இந்த அடைப்பைத் திறக்காது, நேரத்தைத்தான் தின்னும். நினைவோடு விழுங்கக்கூடியவருக்கு மருத்துவமனையில் மருந்துக் கரி கொடுப்போம், பெரியவருக்கு 50 கிராம். வழக்கமாக ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். இந்த நஞ்சில் குடல் நின்றுபோவதால் கொஞ்சம் தாமதமாக வந்தவருக்கும் யோசிக்கலாம். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: செடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு 108-ஐக் கூப்பிடுவது. டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117, டாக்டர்களும் அங்கே கேட்கலாம். இலங்கையில் ஆம்புலன்ஸ் 1990.

பூவைப் பற்றி: உன்மத்தம் என்றால் பித்து. ஊமத்தை என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது என்பார்கள். தேவாரத்தில் சிவன் தலையில் மத்தம் சூடியிருக்கிறார், அவருக்கே பித்தன் என்று பெயர். இந்தச் செடி மனத்தை என்ன செய்யும் என்று பெயர் வைத்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. மருந்தாகவும் இருந்தது உண்மை. மூச்சிரைப்புக்கு இதன் இலையைச் சுருட்டிப் புகைத்தார்கள். இன்றைக்கு இன்ஹேலரில் வரும் இப்ராட்ரோபியம் அதே குடும்ப வேதிப்பொருள், மூளைக்குள் நுழையாதபடி மாற்றி அமைத்தது. வீட்டில் அரைக்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரு செடியில் இருக்கும் அளவு அடுத்த செடியில் இருக்காது, விதையில் ரொம்ப அதிகம். கொதிக்க வைத்தாலும் போகாது, உங்கள் கடைசலே சாட்சி.

கதிரறுப்பு:

உணவில் கலப்பது நம் பக்கத்தில் மட்டும் நடப்பதில்லை. 2019-இல் உகாண்டாவின் கராமோஜா பகுதியில் நிவாரணமாகக் கொடுத்த சத்துமாவில் ஊமத்தை இன விதை கலந்து ஐந்து பேர் இறந்தார்கள், சுமார் 300 பேர் நோயுற்றார்கள். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கடையில் விற்ற பேபி ஸ்பினாச் கீரையோடு இதே களை அறுவடையில் சேர்ந்துவிட்டது. இயந்திர அறுவடைக்கும் அத்தையின் கைக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. அத்தையை யாரும் குறை சொல்லிவிடாதீர்கள்.

மருந்துச்சீட்டு:

நான் மருந்தாளுநர். செடியை விட மாத்திரையால்தான் இது அதிகம் வருகிறது என்று நினைக்கிறேன், யாரும் அதை நஞ்சு என்று எழுதுவதில்லை, அவ்வளவுதான். சளிக்குக் குளோர்ஃபெனிரமின், அரிப்புக்கு ஃபெனிரமின், வயிற்று வலிக்கு டைசைக்ளோமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்கு ஆக்ஸிபியூட்டினின், கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில். ஒவ்வொன்றும் சின்ன அளவுதான். 75 வயதுப் பாட்டிக்கு நாலு டாக்டர் எழுதிய நாலு சீட்டும் ஒரே வயிற்றுக்குள் போகிறது. ஒரு வாரத்தில் பாட்டி வாய் காய்ந்து, மலச்சிக்கலாகி, சாயங்காலம் ஆனால் ஆள் தெரியாமல் பேசுகிறார். வீட்டில் "வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு" என்கிறார்கள். வயதானவர் திடீரென்று குழம்பினால் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

குழந்தைகளுக்குக் கண் பரிசோதனையில் பாவை விரிக்கப் போடும் சொட்டு மருந்தும் இதே வகை. சொட்டு விட்டதும் மூக்கோரம் கண் முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உடம்பில் சேர்வது குறையும்.

மலைச்சாரல்:

கொடைக்கானலில் எங்கள் தோட்டத்தில் மணி மாதிரி தொங்கும் பெரிய பூ மரம் உண்டு, அதுவும் ஊமத்தை உறவு என்று தெரியாது. கிளை வெட்டிய கையால் கண்ணைத் தேய்த்துவிட்டேன். சாயங்காலம் ஒரு கண்பாவை மட்டும் பெரிதாகிவிட்டது. மூளையில் ஏதோ என்று ஸ்கேன் வரை போனோம். கடைசியில் கண் டாக்டர் பாவையைச் சுருக்கும் பைலோகார்பின் சொட்டு விட்டுப் பார்த்தார், பாவை சுருங்கவே இல்லை. "வாசல் அடைத்திருக்கிறது, தோட்டத்தில் என்ன தொட்டீர்கள்?" என்று கேட்டார். மூன்று நாளில் சரியானது. செடி வெட்டினால் கையுறை போடுங்கள்.

இரவுப்பணி:

சொன்னபடி முறிமருந்துக்கு வருகிறேன். இருக்கிறது. பைசோஸ்டிக்மின். நைஜீரியாவின் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதியா என்று சோதிக்கத் தின்னக் கொடுத்த ஒரு நச்சுக் கொட்டையிலிருந்து வந்தது. 1864-இல் பிராகாவில் சிறைக்கைதிகள் சாராயம் என்று நினைத்து அட்ரோபின் கரைசலைக் குடித்துவிட, கிளைன்வாக்டர் என்ற டாக்டர் அந்தக் கொட்டையின் சாற்றைக் கொடுத்துத் தெளிய வைத்தார். நஞ்சுக்கு நஞ்சு என்பது அங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. அசெட்டைல்கோலினை உடைக்கும் நொதியை இது தடுக்கிறது, தூது குவிந்து அடைப்பைத் தள்ளித் திறக்கிறது. மூளைக்குள்ளும் போகிறது, அதுதான் இதன் பெரிய பலம். 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 52 நோயாளிகளைப் பார்த்தார்கள். பைசோஸ்டிக்மின் 87 விழுக்காட்டினரின் குழப்பத்தைத் தெளிய வைத்தது. டயசெபம் வகை ஒருவரைக்கூடத் தெளிய வைக்கவில்லை, நாலில் ஒரு பங்கினரின் ஆவேசத்தை மட்டும் அடக்கியது.

அப்படியானால் ஏன் கொடுக்கவில்லை என்றால், நான் வேலை பார்த்த எந்த அரசு மருத்துவமனையிலும் அதைக் கண்ணால் கண்டதில்லை. மயக்க மருந்துப் பிரிவில் நியோஸ்டிக்மின் தாராளமாக இருக்கும், ஆனால் அது மூளைக்குள் நுழையாது, குழப்பத்துக்கு உதவாது. மறதி நோய்க்குக் கொடுக்கும் ரிவாஸ்டிக்மின் மாத்திரை நுழையும், நம் ஊரில் கிடைக்கவும் செய்கிறது. நான் இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறேன், இருவரும் சீக்கிரம் தெளிந்தார்கள்.

சுவாசக்குழாய்:

இரவுப்பணி டாக்டர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவனாக ஒரு மாற்றுக் கருத்து. இரண்டு பேர் தெளிந்ததை வைத்து நான் ரிவாஸ்டிக்மினைப் பரிந்துரைக்க மாட்டேன். நின்றுபோன குடலில் மாத்திரை எப்போது உறிஞ்சப்படும் என்று தெரியாது. நஞ்சு இறங்கும் நேரத்தில் மருந்து ஏறினால் வாந்தியும் நாடித் தளர்ச்சியும் வரும். ஊமத்தை பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். அதுவரை சூட்டை இறக்கி, நீர்ச்சத்து கொடுத்து, சிறுநீர் வழி திறந்து, மிடாசோலம் கொடுத்து, வலிப்பையும் மூச்சையும் காவல் காத்தால் பெரும்பாலானவர்கள் பிழைப்பார்கள். வயலோரம் அப்பாவுக்குச் செய்தது முழுமையான சிகிச்சைதான், குறைந்த சிகிச்சை இல்லை.

இசிஜி எடுக்காமல் இந்த வகை மருந்து எதையும் தொடவே கூடாது. தின்றது அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரையாக இருந்து, இசிஜியில் க்யூ.ஆர்.எஸ். என்ற அலை அகன்றிருந்தால் பைசோஸ்டிக்மின் இதயத்தையே நிறுத்திவிடலாம். 1980-இல் அப்படி இரண்டு பேருக்கு நின்றதை எழுதினார்கள். அங்கே கொடுக்க வேண்டியது சோடியம் பைகார்பனேட்.

இரவுப்பணி:

இசிஜி பற்றிச் சொன்னதை முழுதாக ஏற்கிறேன், நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ரிவாஸ்டிக்மினில் நாம் வேறுபடுகிறோம். நாலு பேர் பிடித்தும் அடங்காதவரை மருந்தால் ஆழ்த்தி மூச்சுக்குழாய் போடும் நிலை வரும்போது, வென்டிலேட்டர் காலி இல்லாத மருத்துவமனையில் நிற்பவன் நான். அந்த இடத்தில் மாத்திரையை யோசிப்பேன். உங்கள் இடத்தில் இருந்தால் ஒருவேளை காத்திருப்பேன்.

சுவாசக்குழாய்:

அது நியாயம். இசிஜி சுத்தமாக இருந்து, நாடி வேகமாக இருந்து, மூச்சிரைப்பு நோய் இல்லாதவர் என்றால் எனக்கும் ஆட்சேபம் குறைவு.

வயலோரம்:

எல்லாருக்கும் நன்றி. இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்து அக்கா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த இரவில் யாரோ பெயர் சொல்லிக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது என்றார். அது என் தம்பி.

நேற்று அத்தையோடு களத்து மேட்டுக்குப் போனோம். கன்றாக இருக்கும்போது ஊமத்தை இலையின் விளிம்பு அவ்வளவாக வெட்டுப்படாமல் தண்டங்கீரை மாதிரிதான் இருக்கிறது. கசக்கினால் மட்டும் குமட்டும் வாடை. அத்தை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துப் பிடுங்கினார், பதினாலு கன்று. கையில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொள்ளச் சொன்னேன். அடுத்த மாதம் புரை அறுவைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். சொட்டு விடும்போது கண் முனையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொள்வேன்.

இன்று பத்தாம் நாள். காலையில் அப்பா பேப்பரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ராசிபலன் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்.